தணலில் மஞ்சளான ஊதாக்கல்

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். மலையில் கல்லும் மன்னனிடம் கோபமும் குறையாத மணிக்குன்றம் என்ற நாட்டில், வெகு காலத்துக்கு முன்பு, செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். நகைக்குக் கல் பதிப்பது அவள் தொழில்.

மகாராணியின் தோடு ஒன்றில் ஊதாக்கல் ஆட்டம் கண்டிருந்தது. இறுக்கிப் பதிக்கச் சொல்லிச் செங்கமலத்திடம் அனுப்பினாள். கழற்றிப் பார்த்தால், கல்லில் பழைய அரக்கு அப்பியிருந்தது. சிவப்புக் கெம்பாக இருந்தால் தணலில் புதைத்து அரக்கை எரிப்பாள், கெம்புக்கு ஒன்றும் ஆகாது. கை பழகிய பழக்கம், இதையும் அப்படியே புதைத்தாள். எடுத்தபோது கல் மஞ்சளாகிக் கிடந்தது.

பார்க்கிறவர்கள் செங்கமலம் கல்லை மாற்றிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். கல்லை மாற்றியவர்களின் வலது கையை வெட்டுவது அந்த நாட்டு வழக்கம். கை போனால் பிழைப்பு ஏது?

பக்கத்து வீட்டு வளையல்காரன் குப்பாண்டி மஞ்சள் கல்லைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்தான். "அக்கா, இதே ஊதாவில் என்னிடம் கண்ணாடி இருக்கிறது. பதித்துக் கொடுத்துவிடு. ராணிக்கு என்ன தெரியப்போகிறது?"

பொய் சொல்வானேன், அவளுக்கு ஆசை வந்தது. கையிலும் வாங்கினாள். பிறகு, ஆயுசு முழுக்க நடுங்க வேண்டுமே என்று திருப்பிக் கொடுத்தாள்.

மன்னன் சபைக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னாள். மன்னன் நம்பவில்லை. "தீயில் கல் நிறம் மாறுமா? யாரிடம் கதை அளக்கிறாய்?"

கருவூலக்காரர் கல்லைக் கன்னத்தில் வைத்தார், சில்லென்றது. கண்ணாடியில் இழுத்தார், கண்ணாடியில் கோடு விழுந்தது. வெயிலில் பிடித்தார், உள்ளே குமிழி இல்லை. "கண்ணாடி இல்லை, மலைக்கல்தான் மகாராஜா. ஆனால் ராணியம்மா கல் இதுதானா என்று நான் சொல்ல முடியாது."

"மற்றத் தோட்டில் இருக்கும் இதன் ஜோடியைத் தாருங்கள், தாயே" என்றாள் செங்கமலம்.

"இது மாறாவிட்டால்?" என்றாள் ராணி.

"வெட்டிக்கொள்ள என் கை இருக்கிறது."

ஜோடிக் கல்லைச் சாம்பலில் வைத்துத் தணலால் மூடினாள். முதல் முறை எடுத்தாள், ஊதா. மறுபடி மூடினாள். இரண்டாம் முறை எடுத்தாள், வெளிறிய ஊதா. வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை எடுத்துச் சாம்பலை ஊதினாள். மஞ்சள்.

ராணி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஜோடி சேர்ந்துவிட்டது. நீயே பதித்துக் கொடு."

செங்கமலம் பதித்தாள், அதே வலது கையால். குப்பாண்டியின் கண்ணாடி சபைக்கு வந்திருந்தால், கன்னத்தில் பட்டதுமே சில்லிடாமல் பொய் வெளிப்பட்டு, அந்தக் கை போயிருக்கும்.

ஆகவே, தவறை மறைக்காமல் சொன்னவருக்குத்தான் அதிலிருந்து மீள வழி பிறக்கும்.