சௌந்தரம் நின்ற விதம்

கொல்லிமலைச் சரிவில் ஒரு மடம். மேகம் அங்கே கதவைத் தட்டிக்கொண்டெல்லாம் நிற்காது. ஜன்னல் வழியாக வந்து, அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தானாகவே போய்விடும். மடத்தின் தலைவி வேதவல்லி அம்மைக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அரங்கநாயகத்துக்கு எழுபது.

அரங்கநாயகம் கட்டட இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சௌந்தரம் போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மலையேறியவர். அவள் நினைவாக மடத்துக்குப் புது அடுப்படி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனுஷர் கேட்காத இடத்திலும் அளவு சொல்வார், அப்படி ஒரு பிறவி.

ஏகாம்பர ஆசாரி அடுப்பு மேடைக்குக் கீழே வரும் முதல் அலமாரியைச் செய்து, மேலே மேடைக்கல்லையும் ஏற்றிவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அடியில பாதம் நுழையுற மாதிரி கொஞ்சம் உள்ள தள்ளி வெக்கணுங்களா, இல்ல இப்படியே தரை வரைக்கும் இறக்கிடலாமா?"

"இறக்கிடுங்க ஆசாரி. இடுக்கு விட்டா கரப்பான்பூச்சி குடித்தனம் வந்துடும். இடமும் வீண். எங்க வீட்டுல நான் அப்படித்தான் போட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு குறை சொன்னதில்ல அவ."

ஆசாரி அம்மையைப் பார்த்தார்.

"நாளைக்குச் சொல்றோம்" என்றார் அம்மை.

விடியற்காலையில் அரங்கநாயகத்துக்கு, அடிக்கடி வரும் அந்தக் கனவு மறுபடியும் வந்தது. பழைய வீட்டுச் சமையலறை. பனியா புகையா தெரியாத ஒன்று முழங்கால் வரைக்கும். அடுப்பின் முன்னால் சௌந்தரம் ஒருக்களித்து நிற்கிறாள், இடுப்பை அலமாரியில் சாய்த்து, உடம்பைத் திருகிக்கொண்டு. "நேராத்தான் நில்லேன்டி" என்கிறார் இவர். அவள் லேசாகச் சிரிக்கிறாள், திரும்பவில்லை. உயிரோடு இருந்தபோதும் இதே கேலிதான், இதே சிரிப்புதான்.

எழுந்ததும் அம்மையிடம் ஓடினார்.

"அம்மா, கனவுலகூட அவ ஏன் கோணலாவே நிக்கிறா? என்மேல ஏதோ கோபம். அடுப்படி கட்டியும் ஆறலையா?"

"இன்னிக்குக் களி நீங்க கிண்டுங்க ஐயா."

"நானா? எனக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாதே!"

"இந்த மடத்துல யார் எதைச் செஞ்சு கொடுத்தாலும் முதல்ல அவங்கதான் புழங்கணும். வழக்கம்."

புது மேடையில் அடுப்பு ஏறியது. மேகம் உள்ளே வந்து ஆவியோடு கலந்தது. தான் எழுந்தோமா, இன்னும் தூங்குகிறோமா என்றே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. கேழ்வரகு மாவு இறுக இறுகத் துடுப்பு நகர மறுத்தது. கிட்டே போனார், கால் கட்டைவிரல் அலமாரிப் பலகையில் இடித்தது. தள்ளி நின்று குனிந்தார், முதுகு பிடுங்கியது. இதென்னடா வம்பு என்று காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் உடம்பே ஒரு வழி கண்டுபிடித்தது. துடுப்பும் ஓட ஆரம்பித்தது.

"இப்ப எப்படி நிக்கிறீங்க ஐயா?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற அம்மை.

அரங்கநாயகம் குனிந்து பார்த்தார். ஒருக்களித்து நின்றுகொண்டிருந்தார். இடுப்பு அலமாரியில் சாய்ந்திருந்தது.

துடுப்பு நின்றுவிட்டது.

"அடிப்பாவி" என்று விம்மினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"கை நிக்கக் கூடாது ஐயா. அடிப்பிடிச்சிடும்."

அழுதுகொண்டே கிண்டினார். ஆசாரி வந்து வாசற்படியில் தயங்கினார்.

"அடியில இடம் விட்டுடுங்க ஆசாரி."

"எவ்வளவுங்க?"

அளவு கேட்டும் அரங்கநாயகத்தின் வாயில் அளவு வரவில்லை. "கிட்ட வந்து, நேரா நின்னு பாருங்க" என்றார். "இடிக்காத வரைக்கும் விடுங்க."

ஆசாரி போனபின் அம்மையிடம் மெதுவாகக் கேட்டார். "இப்ப இடம் விட்டா, அது அவளுக்குத் தெரியுமாம்மா?"

அம்மை அவர் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு இங்க நின்னு சமைக்கப் போறவளுக்கே தெரியாது ஐயா. இடிச்சாத்தானே தெரியும்."