மீசையப்பன் அடுக்கிய துணிகள்

காட்டோரத்தில் ஓர் ஆறு. ஆற்றங்கரை மேட்டில் மீசையப்பன் என்ற எலி வளை தோண்டிக் குடியிருந்தான். அவன் மனைவி பெயர் குண்டுமணி. அவர்களுக்கு மூன்று குட்டிகள். மூன்றும் அப்போதுதான் ஓடப் பழகியிருந்தன. கடைக்குட்டியின் பெயர் சிட்டு.

அந்த ஆற்றுப் படித்துறைக்கு அமாவாசைதோறும் மனிதர்கள் வந்து முழுகுவார்கள். கட்டிவந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டால் பிடித்த பீடையும் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பீடை போயிற்றோ இல்லையோ, துணி நாணலில் வந்து சிக்கிக்கொள்ளும். மீசையப்பன் ஒன்றையும் விடமாட்டான். வேட்டிக் கிழிசல், ஜாக்கெட்டின் ஒற்றைக் கை, சட்டைக் காலர் என்று கண்டதையெல்லாம் பல்லால் கடித்து இழுத்துவந்து உள்ளறையில் திணிப்பான்.

"எலி வளையானாலும் தனி வளை" என்பார்கள். இங்கே வளை துணிக்குத்தான் இருந்தது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தன. ஈரத் துணியின் பூஞ்சை வாடையில் சிட்டு ஓயாமல் தும்மினாள்.

ஒருநாள் குண்டுமணி பொறுமை இழந்தாள். "என்னங்க, இன்னைக்கு இந்த அறையைக் காலி பண்ணியே ஆகணும்! புள்ளைங்க கால் நீட்ட இடமில்ல!"

"பண்ணிட்டாப் போச்சு!" என்றான் மீசையப்பன். எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டான். கரையே துணி காயப்போட்ட மாதிரி ஆனது.

பக்கத்து மருதமரத்து அணில் இறங்கி வந்தாள். "அண்ணே, ஒரு யோசனை சொல்லட்டா? போன மழைக்கு முன்னாடியிருந்து தொடாத துணியை இனிமேயும் தொடப்போறதில்ல. அதையெல்லாம் ஆத்துல விடுங்க!"

"நல்ல யோசனை!" என்றான் மீசையப்பன்.

குண்டுமணி ஒரு கிழிசலைத் தூக்கினாள். "இது வேண்டாம்தானே?"

"ஐயோ, அது குளிருக்கு ஆகும்!"

"இந்தக் காலர்?"

"அதுல தையல் எவ்வளவு கெட்டி பாரு! எதுக்காவது உதவும்."

"இந்த ஜரிகைக் கரை?"

மீசையப்பன் பாய்ந்து பிடுங்கிக்கொண்டான். "என் சிட்டு கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கேன்! அதைத் தொடாதே!"

அணில் மெல்லக் கேட்டாள். "அண்ணே, எனக்கு நேத்துதான் குஞ்சு பொறந்திருக்கு. கூட்டுல போட ஒரே ஒரு கிழிசல் குடுங்களேன்."

"எல்லாம் தேவைப்படுதும்மா. மிஞ்சினா சொல்றேன்" என்றான். மலைபோலக் குவிந்த துணியின் நடுவில் நின்றுகொண்டு அதைச் சொன்னான். அணில் மரம் ஏறிவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் எறியவேண்டிய குவியலில் ஒரு நூல்கூட விழவில்லை. ஆனால் அறையைக் காலி செய்தாக வேண்டுமே! மீசையப்பன் வளைக்குள் சுற்றிப் பார்த்தான். பின்வழி கண்ணில் பட்டது.

எலி வீட்டுக்கு எப்போதும் இரண்டு வழி உண்டு. ஒன்று தினமும் வந்துபோக. இன்னொன்று ஆபத்தில் ஓட. அதன் வெளிவாயை மெல்லிய மண் மூடியிருக்கும். குட்டி எலி தலையால் முட்டினாலே திறந்துகொள்ளும்.

"குண்டு! இந்த வழியை நாம ஒருநாளாவது உபயோகிச்சிருக்கோமா?"

"இல்ல. ஆனா..."

"அணிலே சொன்னாளே, தொடாதது வேண்டாததுன்னு! இடத்தைச் சும்மா அடைச்சிக்கிட்டுக் கிடக்கு பாரு!"

துணிக்குச் சொன்ன நியாயத்தைத் துணிக்குப் பயன்படுத்தாமல் வழிக்குப் பயன்படுத்தினான் அந்தப் புத்திசாலி.

ஜரிகைக் கரையைக் கையெட்டும்படி உள்பக்கம் வைத்தான். மற்றதையெல்லாம் மடித்து, உருட்டி, வெளிவாய் வரைக்கும் இறுக அடுக்கினான். "ஒரு எறும்பு நுழையட்டும் பார்க்கலாம்!" என்று மார்தட்டினான். குண்டுமணி அடைபட்ட வழியையே பார்த்தாள். ஆனால் அறை பளிச்சென்று இருந்தது. குட்டிகள் உருண்டு விளையாடின. சிட்டு தும்மவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள். வாய் திறக்க வேண்டிய நேரம் அதுதான்.

அடுத்த அமாவாசை வந்தது. மீசையப்பன் துணி பொறுக்கப் போனான். குண்டுமணி நெல் பொறுக்கப் போனாள். போகும்போது, "முன்னாடி பாம்பு வந்தா பின்னாடி ஓடிடுங்க!" என்று குட்டிகளுக்கு வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனாள். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

"சாரை! சாரைப்பாம்பு உங்க வளைக்குள்ள போகுது! ஓடி வாங்க!" என்று மரத்தின்மேலிருந்து அணில் அலறினாள்.

இருவரும் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். முன்வாயில் பாம்பின் வால் நெளிந்துகொண்டிருந்தது. பின்வாய்க்கு ஓடினார்கள். உள்ளிருந்து சிட்டுவின் குரல் துணிகளுக்குள் அமுங்கிக் கேட்டது.

"அப்பா! வழி அடைச்சிருக்கு! இழுக்க வரமாட்டேங்குது!"

"இதோ வந்துட்டேன் கண்ணு! அப்பா இழுக்கறேன்!"

மண்ணைக் கீறினான். துணியைக் கடித்து இழுத்தான். அவனே அடுக்கியது, அத்தனை இறுக்கம். குளிருக்கு ஆகும் என்றதை இழுத்து எறிந்தான். எதற்காவது உதவும் என்றதை எறிந்தான். குண்டுமணியும் இழுத்தாள். அன்று பகலெல்லாம் எறிய மனம் வராத துணி, இப்போது ஆற்றில் போய் விழுந்துகொண்டே இருந்தது.

"அப்பா..."

பிறகு குரல் கேட்கவில்லை.

கடைசியாக ஜரிகைக் கரை கையில் வந்தது. அதன் ஒரு முனையில் சின்னச் சின்னப் பல் தடங்கள் இருந்தன. அதற்கு அப்பால் வழி திறந்து கிடந்தது. வருவதற்குத்தான் யாரும் இல்லை.

முன்வாய் வழியாகச் சாரை வெளியே வந்தது. வயிறு புடைத்திருந்தது. அவசரமில்லாமல் நாணலுக்குள் போய் மறைந்தது.

மீசையப்பன் ஜரிகையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குண்டுமணி அழவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்போ வீடு முழுக்க இடம் இருக்குங்க. போய் அடுக்குங்க!"

வேண்டாததை விட மனமில்லாதவன், அதற்கு இடம் தேடித் தேடி, வேண்டியதை எல்லாம் இழப்பான்.