தமயந்தி கோடு

குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். பகுதிநேர ஆராய்ச்சியில் இது சகஜம்தான். அங்கமுத்து நாமக்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டார். வழிகாட்டியாகக் கிடைத்த பேராசிரியர் தமயந்தி அவரைவிட ஆறு வயது இளையவர். அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'மேடம்' என்பார். மரியாதையில் இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை.

பேராசிரியரின் பெயர் ஒரு கோட்டுக்கும் பெயராகியிருந்தது. கருங்கரடு என்ற குன்றின் அடிவாரத்தில், கிழக்கு மேற்காக, இளம் வயதில் அவர் வரைபடத்தில் இழுத்த கோடு. ஒரு காலத்தில் இரண்டு கண்டங்களுக்கு நடுவே ஒரு கடல் இருந்தது. கண்டங்கள் நெருங்க நெருங்கக் கடல் சுருங்கி, கடைசியில் இரண்டும் முட்டி ஒட்டிக்கொண்டன. வடக்குக் கண்டத்தின் கரை இந்தக் கரட்டடியில் முடிந்தது என்பது அவர் கண்ட முடிவு. துறையில் எல்லோரும் அதைத் தமயந்தி கோடு என்றார்கள். பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. அதன் மேலேயே ஆட்டுப்பட்டி போட்டிருந்த கரட்டடிக்காரர்களுக்கு மட்டும் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

அங்கமுத்து எடுத்துக்கொண்டது கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த கற்களை. கோடு சரியென்றால் வடக்குக் கல்லும் தெற்குக் கல்லும் வேறு வேறு வயதாக இருக்க வேண்டும். கல்லுக்குள் உப்புத்தூளைவிடப் பொடியாக ஜிர்கான் மணிகள் இருக்கும். அவற்றை வைத்துக் கல்லின் வயதைச் சொல்லிவிடலாம். வெளிமாநில ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஒரே வயது.

அதாவது, கரை அங்கே முடியவில்லை. கோடு தப்பு.

அங்கமுத்து முடிவு வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வழிகாட்டி கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். 'உங்கள் கோடு அங்கே இல்லை' என்று எழுதிய ஏட்டில் எந்த வழிகாட்டி கையெழுத்துப் போடுவார்?

உடன் ஆராய்ச்சி செய்த வேலுச்சாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தெக்கால எடுத்தீங்களே, அந்தக் கல்லுங்களை விட்டுடுங்க சார். எடுக்கவே இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அங்கமுத்து விட்டுப் பார்த்தார். ஆய்வேடு ஜோராக வந்தது. அதைப் படிக்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை. நடுவில் தமயந்தி ஒருமுறை போனில் கேட்டார்.

"ஆய்வகத்துலேர்ந்து வந்துச்சா சார்?"

"இன்னும் வரலீங்க மேடம்."

பொய் சொன்னதற்காகப் பிள்ளைகளை முட்டி போட வைத்த வாத்தியார் அவர். அன்றைக்கு வகுப்பில் யாரையும் எதுவும் கேட்காமல் வந்துவிட்டார்.

ஒருநாள் தாங்க முடியாமல் நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போய்த் தாளை மேசையில் வைத்தார்.

"இது வந்து ரொம்ப நாளாச்சுங்க மேடம். வரலைன்னு சொன்னது பொய்."

தமயந்தி படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உருண்டு வந்த கல்லா இருக்கும் சார்" என்றார்.

கரட்டு மேலிருந்து உருண்டு வந்த கல், கீழே பாதி புதைந்து, அங்கேயே பிறந்ததுபோல் உட்கார்ந்திருக்கும். அதை உடைத்து எடுத்துக்கொண்டு போய் ஏமாறுவது இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு.

"இல்லீங்க மேடம். பாறையிலேர்ந்துதான் உடைச்சேன்."

"பையில மாத்திப் போட்டிருப்பீங்க."

"இல்லீங்க."

"எடத்தைக் காட்ட முடியுமா?"

"முடியுங்க."

"அனுப்பினது போக மீதிக் கல்லு இருக்கா?"

"வீட்ல இருக்குங்க."

"எடுத்துக்கிட்டு வாங்க. நாளைக்குப் போறோம்."

ஜீப்பில் தமயந்தி சுத்தியலை மடியிலேயே வைத்திருந்தார். மேடம் தன்னை உடைக்கத்தான் சுத்தியலைக் கொண்டுவருகிறார் என்று அங்கமுத்துவுக்குத் தோன்றியது. பட்டம் போனால் போகட்டும், பேச்சாவது வாங்காமல் திரும்பினால் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆட்டுப்பட்டியைத் தாண்டி, தெற்கே கொஞ்சம் நடந்ததும் அங்கமுத்து ஒரு பாறையைக் காட்டினார். அவர் முன்பு உடைத்த தழும்பு அதில் இருந்தது.

தமயந்தி முட்டி போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து மீதிக் கல்லை வாங்கித் தழும்பில் வைத்து அழுத்தினார். பொருந்தவில்லை. திருப்பி வைத்தார். சற்றுச் சாய்த்தார். டக்கென்று உட்கார்ந்துகொண்டது. ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை.

எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் டக்.

எழுந்து பாறையைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினார். உருண்டு வந்த கல் டொக்கென்று கேட்கும். இது கணீர் கணீர் என்றது. பாறை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க ஓடைக்குள் இறங்கினார். புடவையெல்லாம் முள். பாறை ஓடைக்கு அடியிலும் போய், மறுகரையில் ஏறித் தெற்கே போய்க்கொண்டேயிருந்தது.

திரும்பி வந்தவர் பாறைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிற்காமல் சிரித்தார். அங்கமுத்து பயந்துபோனார்.

"சாப்பிட என்ன கொண்டாந்தீங்க சார்?"

"புளிசாதங்க மேடம்."

"ரெண்டு பேருக்குக் காணுமா?"

"காணுங்க."

பாதி சாப்பாடு போனபிறகுதான் அங்கமுத்துவுக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"கையெழுத்துங்க மேடம்?"

"போடாம? ஆனா முன்னாடி குடுத்த அத்தியாயங்கள்ல அஞ்சாறு எடத்துல 'மேடத்தின் ஒப்பற்ற கண்டுபிடிப்பு'ன்னு எழுதியிருக்கீங்களே, அதை மட்டும் எடுத்துடுங்க. இனிமே படிக்கிறவன் சிரிப்பான்."

அங்கமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது. தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், இத்தனை வருஷம் உங்க பேர்ல நின்ன கோடு. போயிடுச்சே. வருத்தமா இல்லீங்களா?"

தமயந்தி தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஒவ்வொரு கருத்தரங்கத்துலயும் கடைசி வரிசையிலேர்ந்து யாராவது கேள்வி கேக்க எந்திரிப்பாங்க. எந்திரிச்ச உடனே எனக்கு வயித்துல கல்லு விழும். கண்டுபிடிச்சுட்டான்னு நெனைப்பேன். கடைசில பாத்தா, ரொம்ப நல்லா பேசினீங்க மேடம்பான். ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திட்டு உக்காந்துடுவேன்."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துதுங்களா?"

"இருந்துது. வந்து பாக்கத்தான் பயம். எல்லாரும் படத்தைப் பாத்துட்டுப் போனாங்க சார். நீங்க ஒருத்தர்தான் பாறையைப் பாத்தீங்க."

பட்டியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அங்கமுத்துவுக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார்.

"அப்படின்னா அந்தக் கரை எங்கதாங்க மேடம் இருக்கு?"

தமயந்தி தெற்கே பார்த்தார். சோளக்காடு, அதற்கப்பால் தென்னந்தோப்பு, அதற்கும் அப்பால் வெயில்.

"தெரியலை சார்" என்றார்.

முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"இந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷமாச்சு! இன்னொரு தரம் கேளுங்க."