சலங்கைக்குள் துணி

நாச்சிமுத்து சிகரெட்டைப் பலமுறை விட்டிருக்கிறார். ஒருமுறைகூட யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு மறுபடி பிடித்தால் சிரிப்பார்களே என்று பயம். அதனால் திருட்டுத்தனமாக விடுவார். சில நாள் கழித்து அதே திருட்டுத்தனத்தோடு மறுபடி தொடங்குவார். ஊருக்கு இரண்டுமே தெரியாது. அந்த மனிதர் சிகரெட் இல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை என்றுதான் பேர்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் பழைய நோட்டீஸைப் படிப்பதுபோல மூச்சு வாங்குவார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப விட்டாத் தப்பிச்சீங்க" என்றார். விடாவிட்டால் என்ன என்று நாச்சிமுத்து கேட்கவில்லை.

அந்த வாரம்தான் அவர் மனைவி சரஸ்வதி, ஊர்ச் சலங்கையாட்டக் குழுவில் தன் பேரோடு அவர் பேரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

முழங்காலுக்குக் கீழே பெரிய சலங்கைகளைக் கட்டிக்கொண்டு வட்டமாக ஆடுகிற ஆட்டம். தினமும் சாயங்காலம் கோயில் திடலில் பயிற்சி. ஒன்றரை மாதம் கழித்து அரங்கேற்றம். சொல்லிக்கொடுக்க வந்தவள் மேகலா. நாச்சிமுத்துவின் மகளைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். ஆனால் வட்டத்தின் நடுவில் வந்து நின்றாள் என்றால், பேரன் எடுத்தவர்கள்கூட "சரீங்க டீச்சர்" என்பார்கள்.

முதல் நாள் பாதி ஆட்டத்தில் நாச்சிமுத்துவுக்கு மூச்சு முட்டியது. ஒதுங்கிப் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் கிளம்பிய பிறகு மெதுவாக அவளிடம் வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கண்ணா."

"ஒரு பழக்கத்த யாருக்கும் தெரியாம விடறது எப்படீங்க?"

"எந்தப் பழக்கம்?"

நாச்சிமுத்துவின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது. மேகலா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல, "நாளைக்குக் கொஞ்சம் முன்னாலயே வாங்க" என்றாள்.

மறுநாள் போனார். அவள் சலங்கைகளை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"நீங்க போயி எங்கால..."

"நில்லுங்கண்ணா. நம்ம குழுவுல யாரும் தானாக் கட்டிக்கக் கூடாது. ஒருத்தருக்கு இன்னொருத்தர்தான் கட்டோணும். கட்டினவங்கதான் அவுக்கோணும்."

"நடுவுல டீக்கு விடறப்ப?"

"நான் கட்டறதே அந்த நேரத்துக்குத்தான்."

டீக்கு விட்டார்கள். டீச்சரிடம் யோசனை கேட்டுவிட்டு அவள் கண்ணெதிரில் பிடிக்க முடியாதே என்று, நாச்சிமுத்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நழுவப் பார்த்தார். ஜல் என்றது. இன்னொரு எட்டு வைத்தார். ஜல், ஜல். குனிந்து இரண்டு காலையும் கையால் அமுக்கிக்கொண்டு வாத்துபோல நடந்தார். அப்போதும் சத்தம் வந்தது. திடலே திரும்பிப் பார்த்தது.

"ஏனுங் மாஸ்டரு, தேரு எங்க கெளம்பிருச்சு?" என்றாள் அருக்காணி. வட்டத்தில் அவருக்கு அடுத்துப் பின்னால் ஆடுகிறவள். ஊருக்குள் இட்லிக் கடை வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள்.

"சும்மா, காத்தாட..."

"காத்து இங்கயும்தானுங் அடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சரஸ்வதியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாச்சிமுத்து திரும்பி வந்து, கொடுத்த சுக்குக் காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அந்த ஒரு சிகரெட் அன்று தப்பியது. வீட்டுக்குப் போகிற வழியில் அதற்கும் சேர்த்துப் பிடித்தார்.

அதற்கடுத்த நாள் அவர் மூளை வேலை செய்தது. கட்டிங் மாஸ்டருக்குத் துணிக்கா பஞ்சம்? வெட்டி மிஞ்சின பனியன் துண்டுகளைப் பை நிறையக் கொண்டுவந்தார். டீக்கு விட்டதும், சலங்கையைச் சரிசெய்கிறவர்போலக் குழாயடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மணியின் வாயிலும் துணியைத் திணித்தார். பிறகு எழுந்து நடந்தார். பூனை நடப்பதுபோல இருந்தது. தொட்டிக்குப் பின்னால் நின்று பற்ற வைத்தார்.

பாதிகூட முடியவில்லை, மேகலா விசில் ஊதிவிட்டாள். அவசர அவசரமாக வலது காலில் இருந்த துணியையெல்லாம் பிடுங்கினார். இடது காலுக்கு நேரமில்லை. ஓடிப்போய் வட்டத்தில் நின்றுகொண்டார்.

ஆட்டத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் போக வேண்டும். யாரும் காலைக் குனிந்து பார்ப்பதில்லை. முன்னால் போகிறவரின் சலங்கை கேட்டுத்தான் பின்னால் வருகிறவர் காலை எடுத்து வைப்பார். அன்று நாச்சிமுத்துவின் வலது கால் பேசியது, இடது கால் பேசவில்லை. அருக்காணி ஒரு எட்டுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. தடுமாறி அவர் முதுகில் மோதினாள். அவள்மேல் அவளுக்குப் பின்னால் வந்தவர், அவர்மேல் இன்னொருவர் என்று பாதி வட்டம் மணலில் குவிந்து கிடந்தது.

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு விழுந்தவர்களே சிரிக்கத் தொடங்கினார்கள்.

மேகலா வந்து அவர் இடது கால் பக்கம் உட்கார்ந்தாள். ஒரு மணிக்குள் விரலை விட்டு மஞ்சள் துணி ஒன்றை உருவினாள். அடுத்ததில் பச்சை. அடுத்ததில் ரோஸ். உருவி உருவி மணலில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

நாச்சிமுத்துவால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சிகரெட் பிடிக்கப் போனனுங்க" என்றார். பிறகு, நின்ற இடத்திலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "விட்டறலாம்னுதான் பாக்கறன். எத்தனையோ தடவ விட்டேன். முடியல."

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். அத்தனை வருஷம் எதற்குப் பயந்தாரோ அது இதோ வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக்கு எதுக்குங் இவ்வளவு துணி?" என்றாள் அருக்காணி. "எம் பேரனுக்கு ஒரு சட்டையே தெச்சிருக்கலாமே."

சிரிப்பு வந்தது. ஆனால் அது அவர் பயந்த சிரிப்பாக இல்லை. அவருக்கே வாய் கோணிக்கொண்டு வந்தது.

"தோணுச்சுன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்" என்று அருக்காணி மணலைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். "அஞ்சு நிமிஷம் கூட நிக்கறன். அதுக்குள்ள அது போயிரும். எங்கப்பனுக்கு அப்படித்தான் போச்சு. இனிமே இவருக்குச் சலங்கை நாந்தான் கட்டுவன், டீச்சர். விழுந்தது நானு."

அன்று வீட்டுக்கு நடக்கும்போது சரஸ்வதி சொன்னாள்: "நீங்க விட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியும். சட்டை தொவைக்கறப்ப நாறாது."

நாச்சிமுத்து நின்றுவிட்டார். "ஏன் ஒரு வார்த்த சொல்லுல?"

"நீங்க சொல்லுலயே."

அடுத்த நாளிலிருந்து டீக்கு விட்டால் அவர் தொட்டிப் பக்கம் போகவில்லை. "அருக்காணி, அஞ்சு நிமிஷம்" என்பார். அவள் மடியிலிருந்து நிலக்கடலையை எடுத்து அவர் கையில் கொட்டுவாள். அவர் உரிப்பார், அவள் பேசுவாள். மருமகளைப் பற்றி, மாவு மில்லைப் பற்றி, பக்கத்துத் தெருவில் எவனோ வாங்கின காரைப் பற்றி. கடலை முடியும், அவள் பேச்சு முடியாது. சில நாள் அவளிடமிருந்து தப்பிப்பதற்காகவே சீக்கிரம் ஆடப் போனார்.

அவள் இல்லாத நேரத்தில் சரஸ்வதியிடம் சொன்னார். அவளும் இல்லையென்றால் பயிற்சிக்கு வாசிக்க வந்த தவில்காரரிடம் சொன்னார். கைக்கு வேலை வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சலங்கை கட்டிவிடவும் தொடங்கினார். துணி வெட்டின கை, முடிச்சு நன்றாக விழுந்தது. மாஸ்டர் கட்டினால்தான் அவிழாது என்று அவர் முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

நடுவில் ஒரு நாள் கம்பெனியில் ஏதோ சண்டை. டீயும் சிகரெட்டும் விற்கிற எதிர்ப் பேக்கரிக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டார். சாயங்காலம் திடலுக்கு வந்ததும், அருக்காணி கால் பக்கம் உட்காருவதற்கு முன்பே, "இன்னிக்கு ஒண்ணு பிடிச்சுட்டன்" என்றார். அவள் முடிச்சை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் போட்டாள்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தொடங்கியது. ஜமாப் மேளம் முழங்க, ஊரே சுற்றி நின்று பார்த்தது. கடைசி ஆட்டம்தான் நீளமானது, வேகமானது. முதல் நாள் பாதியில் ஒதுங்கி உட்கார்ந்த அதே நாச்சிமுத்து அதை முழுவதும் ஆடினார். முடிந்த பிறகும் நிற்க மனமில்லாமல், மேளக்காரர்கள் தோளிலிருந்து மேளத்தை இறக்கும்வரை தனியாக இரண்டு சுற்றுச் சுற்றினார். சரஸ்வதி ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

வெயில் தாழ்ந்தது. அருக்காணி வந்து சலங்கையை அவிழ்த்து, "மாஸ்டரு கால் இன்னிக்குத்தான் நல்லாப் பேசுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாச்சிமுத்து தன் வெறும் காலைப் பார்த்தார். முகம் வாடியது. சலங்கைகளை எண்ணெய் போட்டுத் துடைத்துச் சாக்கில் வைத்துக்கொண்டிருந்த மேகலாவிடம் போனார்.

"டீச்சர், இத்தன நாளு கம்பெனியில, சாயங்காலம் இங்க வந்து சொல்லோணுமேன்னு தாக்குப் பிடிச்சன். இனிமே பயிற்சி கெடையாது. நாளைக்கு கம்பெனி. டீ நேரத்துல எல்லாரும் பேக்கரி முன்னால நிப்பாங்க. அங்க அருக்காணி கெடையாது, சரசு கெடையாது. கால்ல சலங்கையும் கெடையாது. நான் என்னங் பண்றது?"

மேகலா துடைப்பதை நிறுத்தவில்லை.

"பையில சிகரெட் இருந்து தீப்பெட்டி இல்லாமப் போன நாள் உண்டாங்கண்ணா?"

"நெறைய."

"அன்னிக்கு என்ன பண்ணுனீங்க?"

"பக்கத்துல நிக்கறவங்ககிட்டக் கேப்பன்."

"தெரிஞ்சவங்ககிட்டயா?"

"யாரா இருந்தா என்னங்? பஸ் ஸ்டாண்டுல முன்னப் பின்னத் தெரியாதவங்ககிட்டக் கேட்டிருக்கறன். எம் மச்சானோட பேச்சுவார்த்தை இல்லாத வருஷம், அவங்கிட்டயே கேட்டிருக்கறன். குடுத்தான்."

"வெக்கமா இருக்காதா?"

"நெருப்புக் கேக்க என்னங் வெக்கம்? பத்த வெச்சவன் எல்லாருக்கும் அது தெரியுமே."

மேகலா கடைசிச் சலங்கையையும் சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள்.

"நாளைக்கும் அவங்ககிட்டயே கேளுங்கண்ணா. நெருப்பு இல்ல, அஞ்சு நிமிஷம்."