பதினேழு இடது செருப்புகள்

“ஒண்ணுகூடக் கெட்ட உயிரணு இல்லை மேடம்! காலையிலேர்ந்து தேடுறேன்.”

மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தார் தளவாய். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

மெஹருன்னிசா தலை நிமிரவில்லை. ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

தளவாய் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஐம்பத்திரண்டு வயசு, அதில் இருபத்தைந்து வருஷம் கண் ஆபரேஷன். கை நடுங்க ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணிலிருந்து வெட்டியெடுத்த சதையைப் பார்த்து நோயின் பேரைச் சொல்லும் வித்தையைக் கற்றுக்கொள்ள இந்த லேபுக்கு வந்து இரண்டு மாசமாகிறது. குரு மெஹருன்னிசாவுக்கு வயசு முப்பத்தாறு. அதில் அவருக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. அவசரம்தான் உண்டு, கொஞ்சம் அதிகமாகவே.

அன்றைக்குப் பார்த்தது பலவேசத்தின் சதை.

பலவேசம் மினி பஸ் டிரைவர். வலது கண்ணின் கீழிமைக்குள் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. வலி கிடையாது. மாத்திரை கொடுத்தால் வற்றும், நிறுத்தினால் திரும்ப வந்து உட்காரும். எட்டு மாசமாக இதே கதை. வெறும் அழற்சி என்றால் மாத்திரையோடு போய்விடலாம். லிம்போமா, அதாவது நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய் என்றால், மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாசமும் அது கண்ணுக்குப் பின்னால் பரவலாம், உடம்புக்குள்ளும் போகலாம்.

மனுஷர் காலை எட்டு மணியிலிருந்து லேப் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தளவாய் ஒன்பதுக்கு ஒருதரம் வெளியே போய், “பயப்படாதீங்க, வெறும் வீக்கம்தான்” என்று வேறு சொல்லிவிட்டு வந்துவிட்டார். பலவேசம் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பொண்டாட்டி நிம்மதியில் அழுதது இங்கே வரைக்கும் கேட்டது.

“அழற்சின்னு எழுதிடட்டுமா மேடம்?”

“எல்லா ஸ்லைடும் பார்த்தாச்சா சார்?”

“ஒவ்வொண்ணா எண்ணூறு அணு பார்த்தேன். சின்னதா, உருண்டையா, பரம சாதுவா இருக்கு. எதுலயும் ஒரு குறை சொல்ல முடியாது.”

“கப்பா, லாம்டா?”

இந்த நிணநீர் அணு ஒவ்வொன்றும் இரண்டு முத்திரைகளில் ஒன்றைச் சுமந்துகொண்டு திரியும். ஒன்றுக்குக் கப்பா என்று பேர், இன்னொன்றுக்கு லாம்டா. தட்டில் இரண்டு ஸ்லைடுகள் இருந்தன. ஒன்றில் கப்பா சுமக்கும் அணு பழுப்பாகத் தெரியும். மற்றதில் லாம்டா.

“கப்பா பார்த்தேன். பழுப்பா இருக்கு. நல்ல அணுவும் கப்பா சுமக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு லாம்டா?”

மெஹருன்னிசா பேனாவை மூடினார்.

“டீ குடிச்சிட்டு வந்து எழுதலாம். நான் முன்னால போறேன். பத்து நிமிஷம் கழிச்சு வாங்க.”

பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தார் தளவாய்.

லேப் வராந்தாவுக்குச் செருப்பு ஆகாது. டாக்டரானாலும் நோயாளியானாலும் வாசற்படியிலேயே கழற்றிவிட வேண்டும். தன்னுடையதைத் தேடினார். இடது கால் செருப்பு இருந்தது. வலதைக் காணோம்.

பக்கத்தில் பார்த்தார். அதற்கும் வலதில்லை. அடுத்ததற்கும் இல்லை. எண்ணிப் பார்த்தார். பதினேழு செருப்பு, பதினேழும் இடது கால்.

“இதென்ன கூத்து!”

சத்தம் கேட்டுப் பலவேசமும் எழுந்து வந்துவிட்டார்.

“அநியாயத்தைப் பாருங்க சார்! வலது கால்லதான் நமக்கு பிரேக்கும் ஆக்சிலேட்டரும். அதையா தூக்கிட்டுப் போவான்?”

படிக்குக் கீழே டீ கிளாஸும் கையுமாக நின்றார் மெஹருன்னிசா. வெறுங்கால்.

“என்ன சார்?”

“செருப்பைப் பாருங்க மேடம்!”

“நீங்க பாருங்க. ஒவ்வொண்ணா.”

தளவாய் ஒன்றைக் கையில் எடுத்தார்.

“குறை இருக்கா?”

“இல்லை. நல்ல தோல்.”

“அது?”

“வார் புதுசு.”

“அந்த நீலம்?”

“ரப்பர்தான், ஆனா நல்லாத்தான் இருக்கு. எல்லாமே நல்ல செருப்புதான் மேடம். ஆனா எல்லாமே இட...”



கையிலிருந்ததைப் பொத்தென்று போட்டார். திரும்பினார். ஓடினார் பாருங்கள், அந்த ஓட்டத்தை அந்த வராந்தா அதுவரை பார்த்ததில்லை. ஒரு நர்ஸம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

லாம்டா ஸ்லைடைச் சொருகினார்.

பழுப்பே இல்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அவ்வளவுதான்.

கப்பாவை மறுபடி வைத்தார். இந்தத் தடவை ஒற்றை அணுவைத் தேடிப் போகவில்லை. தள்ளி நின்று மொத்தத்தையும் பார்த்தார். ஒரு மூலை பாக்கியில்லாமல் பழுப்பு. முதல் வாரமே படித்த பாடம்: நல்ல கூட்டத்தில் இரண்டும் கலந்து கிடக்கும்.

“அடடா! அடடடா! மேடம்! எல்லாம் ஒண்ணோட வாரிசு! ஒரே ஒரு அணு பெருகிப் பெருகி... லிம்போமா மேடம்! என் கண்ணு முன்னாலயே இருந்திருக்கு!”

நாற்காலியை விட்டு எழுந்து குதிக்காத குறை. மயிர்க்கூச்செறிந்த கையை நீட்டிக் காட்டினார்.

மெஹருன்னிசா உள்ளே வந்து ஒருதரம் குனிந்து பார்த்தார். “ம்” என்றார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“எட்டரைக்கு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“நீங்களா கண்டுபிடிக்கட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள ஒன்பதுக்கு அவர்கிட்ட போய் பேசிட்டீங்களே.”

தளவாய்க்குப் பெஞ்சு ஞாபகம் வந்தது. போனில் கேட்ட அழுகையும் ஞாபகம் வந்தது.  சீ, இவ்வளவு நேரம் குதித்தோமே என்றிருந்தது.

மெஹருன்னிசா கதவுக்குப் பின்னாலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பதினேழு வலது செருப்பு. நீல வார் வைத்த ஒன்றை எடுத்து, “பலவேசத்தோடது” என்று அவரிடம் நீட்டினார்.

தளவாய் வாங்கிக்கொண்டு நடந்தார். ஓடவில்லை.

பலவேசம் பெஞ்சுக்குத் திரும்பாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். தளவாயும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“காலையில நான் சொன்னது தப்பு பலவேசம். அவசரப்பட்டுட்டேன். இது புற்றுநோய்.”

 பலவேசம் கையிலிருந்த போனை இறுக்கிப் பிடித்தார்.

“மெதுவா வளர்ற வகை. உடம்புல வேற எங்கயும் இருக்கான்னு ஸ்கேன்ல பார்ப்போம். இங்க மட்டும்னா ரேடியேஷன் போதும். கண்ணை எடுக்கிற பேச்சே இல்லை.”

பலவேசம் தன் வெறுங்காலைப் பார்த்தார்.

“அப்ப... வண்டி?”

தளவாய் படியிறங்கிக் குந்தி உட்கார்ந்தார். நீலச் செருப்பைப் பலவேசத்தின் வலது காலடியில் வைத்தார்.

“போட்டுக்கோங்க. பிரேக் பிடிக்கணும்ல?”