ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு எத்தனை நிமிடம்?

மூத்தோர் நீச்சல் போட்டிகளுக்கு நேர அட்டவணை போடுவதில் எமிலி ராணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்த சிதம்பரநாதனுக்கு அறுபத்து நான்கு. ரயில்வேயில் முப்பது வருடம் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். ரயில் தாமதமாக வந்தால் அது ரயிலின் தப்பே தவிர அட்டவணையின் தப்பல்ல என்று இன்றைக்கும் சாதிப்பார்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, தன் முதல் அட்டவணையை எமிலியின் மேசையில் வைத்தார். முகமெல்லாம் பெருமை.

“ஒரு நிமிஷம்கூட வீணாகாது மேடம்.”

எமிலி கடைசி வரியில் விரல் வைத்தார். “ஆயிரத்தைந்நூறு மீட்டரைச் சாயங்காலம் கடைசியில வெச்சிருக்கீங்க?”

“நீளமான போட்டி. மத்தவங்க எதுக்குக் காத்துக் கிடக்கணும்? முப்பத்தஞ்சு நிமிஷத்துல விசில். முடிக்காதவங்க கரையேறிடணும். போன வருஷமும் அப்படித்தானே?”

“போன வருஷம் விசில் ஊதினப்போ தண்ணியில யார் இருந்தாங்க?”

“மரகதவல்லின்னு ஒருத்தங்க. அறுபத்தேழு வயசு. அம்பது மீட்டர் குளத்துல இன்னும் ஒன்பது நீளம் பாக்கி. ‘முடிக்கவில்லை’ன்னு பதிஞ்சிருக்கு.” பதிவேட்டைக் கரைத்துக் குடித்திருந்தார். “இந்த வருஷமும் பேர் குடுத்திருக்காங்க. அம்பது நிமிஷம் ஆகும்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஒரு ஆளுக்காக, பரிசளிப்புக்கு இருக்கற இருநூறு பேரை நிறுத்தி வைக்கலாமா? அவங்களுக்கு எத்தனை நிமிஷம்தான் குடுக்கறது மேடம்?”

எமிலி பென்சிலை எடுத்து, விசில் என்றிருந்த வரியை அடித்துவிட்டார். போட்டியைக் காலை பத்து மணிக்கு, நால்வர் தொடர் நீச்சலுக்குச் சற்று முன்னால் வைத்தார். எல்லா ஊர் அணியும் குளத்தைச் சுற்றி நிற்கும் நேரம் அது. பிறகு ஒரு கட்டு எண் பலகைகளைச் சிதம்பரநாதன் கையில் கொடுத்தார்.

“மரகதவல்லி அம்மாவுக்கு நீங்கதான் நீளம் எண்ணணும் சார்.”

சிதம்பரநாதனுக்குச் சுருக்கென்றது. அட்டவணை போட வந்தவனுக்குப் பலகை பிடிக்கிற வேலையா? ஆனாலும் பலகைக் கட்டை வாங்கிக்கொண்டார்.

போட்டியன்று குளத்தின் மறுமுனையில் குத்தவைத்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் வந்து திரும்பும்போதெல்லாம் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கி, எத்தனையாவது நீளம் என்று காட்ட வேண்டும். மொத்தம் முப்பது நீளம். முட்டி வலித்தது.

முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள். குளத்தில் மரகதவல்லி மட்டும். இருபத்தொன்று என்று பலகையைக் காட்டும்போது சிதம்பரநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்து மூன்றுக்குப் பிறகு பார்க்கவில்லை.

இருபத்தைந்தில் அந்த அம்மாளின் கை சோர்ந்தது. தொடர் நீச்சலுக்குத் தயாராக நின்ற கூட்டம் பக்கத்தில் வந்துவிட்டது. முணுமுணுக்கப் போகிறார்கள் என்று சிதம்பரநாதன் நினைத்தார்.

“விடாதீங்க அக்கா!” என்றான் ஒருத்தன்.

இருபத்தேழைக் காட்டியபோது கூட்டமே அந்த எண்ணைச் சேர்ந்து கத்தியது. இருபத்தொன்பதைக் காட்டிவிட்டு எழுந்தார். எழுந்தவர் அங்கே நிற்கவில்லை. பலகையும் கையுமாகக் குளத்தின் ஓரத்திலேயே மரகதவல்லியோடு கூட நடந்தார். “வாங்கம்மா, வாங்க, இதோ முடிஞ்சிடுச்சு” என்று அவரும் கத்தினார். அந்தக் கடைசி நீளம் முடியும்வரை அப்படியே நடந்தார்.

மரகதவல்லி சுவரைத் தொட்டார். நாற்பத்தொன்பது நிமிடம், நாற்பது வினாடி. மூச்சு வாங்கியபடி நிமிர்ந்து, முதலில் கேட்டது இதுதான்: “எழுதிக்கிட்டீங்களா?”

“எழுதியாச்சும்மா!” என்றார் சிதம்பரநாதன். தன் வாழ்நாளில் ஒரு ரயில் வந்து நின்றதற்கு அவர் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. கூட்டம் கைதட்டி ஓயவில்லை.

தொடர் நீச்சல் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

சிதம்பரநாதன் எமிலியிடம் வந்து நின்றார். சட்டை பாதி நனைந்திருந்தது.

“மேடம், அடுத்த வருஷ அட்டவணையில இவங்களுக்கு எத்தனை நிமிஷம்னு போடட்டும்?”

எமிலி அடுத்த அணியைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் திரும்பினார்.

“அவங்க சுவரைத் தொடற வரைக்கும்னு போடுங்க சார்.”