நாற்பத்திரண்டாம் வரி

கழிமுகத்தில் படகு மூழ்கி முப்பது வருஷம் ஆயிற்று. நினைவுக்கல் கொத்துகிற வேலை தாணுலிங்கத்துக்கு வந்தது. தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசானைக் கல்லடிக்கே கூட்டிவந்தான். அவன் கையில் இரண்டு கட்டுகள். ஒன்று சர்க்கார் விசாரணை அறிக்கை. மற்றது, அந்த விபத்தை வைத்து வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் போடுகிற நாடகம்.

"ஆசானே, விபத்துச் சேதியை எதைப் பாத்துக் கொத்த? நாளைக் காலையில கல்லைத் திறக்காங்க."

"என்ன வித்தியாசம்?"

"அறிக்கையில, ஓட்டினவரு அஜாக்கிரதை. நாடகத்துல, அவரு சுக்கானைக் கட்டிப்பிடிச்சுக் கால்மணி நேரம் பாடிட்டுத்தான் முங்குதாரு."

"தண்ணி அதுவரைக்கும் காத்து நின்னுதாக்கும்!"

"சிரிக்காதீங்க. தப்பாக் கொத்திட்டா அழிக்க முடியாது. ஊரு என்னையத்தான் காறித் துப்பும்."

"செத்தது எத்தனை பேரு?"

"அதுல மட்டும் சண்டையே இல்லை. ரெண்டுலயும் நாப்பத்தொண்ணு."

கல்லில் ஏற்கெனவே பெயர் கொத்தியிருந்த கோடுகளை ஆசான் விரலால் எண்ணினார். நாற்பத்தொன்று. கரித்துண்டை எடுத்து, அடியில் இன்னொரு கோடு இழுத்தார்.

"இது யாருக்கு?"

"இருக்கட்டும்."

தாணுலிங்கத்துக்குச் சுள்ளென்று ஏறிற்று. "வெறுங்கோட்டை எப்படி விட? டிக்கெட்டை எண்ணி எழுதின கணக்கு, ஆசானே! ஒரு தலை தப்பாது."

"மடிப்பிள்ளைக்கு டிக்கெட் கிழிப்பானாடே?"

தாணுலிங்கம் அந்தக் கரிக்கோட்டைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் படகில் ஆசானின் மனைவி போனது ஊருக்கே தெரியும். நாடகத்தில் அவள் அழுது மூழ்குகிற கட்டத்துக்குத்தான் விசில் பறக்கும். அவனும் அடித்திருக்கிறான்.

"பிள்ளையா... பொறந்தது ஊருல ஒருத்தருக்கும் தெரியாதே!"

"பிரசவம் அவ அம்மை வீட்டுல. அக்கரை. கூட்டிட்டு வரத்தான் போனேன். அவளைப் பெத்தவங்களும் அதே படகு. கரையேறினது நான் ஒருத்தன்."

"முப்பது வருஷமா வாயைத் திறக்கலியே, ஆசானே!"

"சர்க்காரு, டிக்கெட் எடுத்தியான்னு கேட்டான். நாடகக்காரன், அவ என்ன சொல்லி அழுதான்னு கேட்டான். மடியில என்ன இருந்துதுன்னு எவன் கேட்டான்?"

தாணுலிங்கம் இரண்டு கட்டுகளையும் தரையில் போட்டான். உளியை எடுத்துக் கடைசிக் கோட்டின் மேல் வைத்தான்.

"பேரைச் சொல்லுங்க. இப்பவே கொத்துதேன்."

ஆசான் கரி படிந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு வைக்கத்தான்டே வந்துட்டிருந்தோம்."